பிறை இல்லாத பாதி

இடுப்பில் கட்டிய கயிற்றின் தடம் இடுப்பில்தான் இருக்க வேண்டும். குழந்தையைக் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த சுலைகாவின் விரல்கள் வேறொரு தடத்தில் போய் நின்றன. இடது காதுக்குப் பின்னால் தொடங்கி, கழுத்தோரமாக இறங்கி, அக்குளைத் தாண்டி, விலாவின் நடுவே ஓடித் தொடையில் முடிந்த ஒரு மெல்லிய கோடு. எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்துப் பயற்றமாவை வைத்துத் தேய்த்தாள். போகவில்லை. குழந்தையைத் திருப்பினாள். வலப் பக்கத்திலும் அதே கோடு, அதே இடத்தில் தொடங்கி, அதே இடத்தில் முடிந்தது. தலையணை உறையின் இரண்டு பக்கத் தையலைப் போல.

"மைனி, இதைக் கொஞ்சம் பாருங்க."

ரஹ்மத் பீவி, கணவனின் அக்கா, துணியோடு வந்து குனிந்து பார்த்தாள். "தொட்டித் துணி மடிப்பா இருக்கும். நேத்து நான்தான் பழைய சேலையை மாத்திக் கட்டுனேன்."

"மடிப்பு ஒரு பக்கம் விழும். ரெண்டு பக்கமுமா விழும்?"

"உனக்கு எல்லாத்துலயும் ஒரு ஆராய்ச்சி. வெந்நி ஆறுது, வெரசா ஊத்து."

1958 ஐப்பசி. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் அவர்களுடைய காய்கறிக் கடைக்குப் பின்னாலிருந்த அந்த இரண்டறை வீட்டில் பத்து நாளாக வெயில் விழவில்லை. மலைப்பூண்டு மூட்டைகளின் நெடியும் ஈரக் கம்பளி வாடையும் கரியடுப்புப் புகையும் சேர்ந்து சுவரில் படிந்திருந்தன. கணவன் நசுருதீன் பீன்ஸ் லோடோடு ஒட்டன்சத்திரம் போயிருந்தான், நாளைக்குத்தான் வருவான். மூன்று மாதக் குழந்தை ஜஹனாரா, துவட்டும்போது சிரித்தது. சிரிக்கிற குழந்தைக்கு ஒன்றும் இருக்காது என்று சுலைகா தன்னை அதட்டிக்கொண்டாள். அவளுக்கு அன்று வேறு கோபம் இருந்தது. அந்தக் கோபத்தோடுதான் வேலைக்குக் கிளம்பினாள்.

கோபத்துக்குக் காரணம் அச்சகத்திலிருந்து வந்திருந்த நான்கு தாள்கள். ஏரிக்கு அந்தப் பக்கம், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்துத் தவளை முட்டைகளை ஆராய்ந்து வந்தார் டாக்டர் சுப்புராஜ். மிஷன் பள்ளியில் படித்து, ஓவியத்தில் பரிசு வாங்கிய சுலைகா அவருக்கு மூன்று வருஷமாகப் படம் வரைந்தாள். மைக்ராஸ்கோப்பில் ஒரு கண், தாளில் ஒரு கண். கடுகை விடச் சற்றே பெரிய முட்டை இரண்டாகப் பிளந்து, நான்காகி, எட்டாகி, ஒரு நாள் அதில் ஒரு முதுகு கிளம்பி, ஒரு முனை தலையாவதை அவளைப் போலப் பார்த்தவர்கள் அந்த மலையில் கிடையாது. அவளுடைய நாற்பத்தொரு படங்களோடு கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. நேற்று வந்த தாளின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது: படங்கள், உள்ளூர்ப் பெண் ஒருவர்.

பெயர் போடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்குக்காக அவள் கொடுத்தது வெறும் படம் அல்ல. அதை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

முட்டையை நடுவில் இறுக்கிப் பார்ப்பதுதான் சுப்புராஜின் சோதனை. வெளிநாட்டில் நீர்ப்பல்லி முட்டையில் செய்ததைத் தவளை முட்டையில் செய்து காட்டியே தீருவது என்று பிடிவாதம். இறுக்குவதற்கு நூல் ஆகாது, கம்பி ஆகாது. சின்னக் குழந்தையின் தலைமுடிதான் வேண்டும். அதற்கு அவர் வேலைக்காரர் ஞானவேலைப் பிடித்தார். ஞானவேலின் அண்ணன் பழனியில், மொட்டை போடும் கொட்டகையில் சோலி பார்ப்பவர். முருகனுக்கு நேர்ந்து இறக்கிய குழந்தை முடி ஒரு துணிப்பை நிறைய மலையேறி வந்தது. ஒரு வயதுப் பிள்ளை, மூன்று வயதுப் பிள்ளை, எந்த ஊர்ப் பிள்ளை என்று யாருக்குத் தெரியும். அந்த முடி தடிப்பு. சுருக்குப் போட்டு இறுக்கிய முட்டைகளில் இருபத்து மூன்று கிழிந்து வெளிறிப் போயின; சுத்தமாகப் பிரிந்து பிழைத்தவை ஒன்றிரண்டுதான். அந்த இருபத்து மூன்றையும் வரைந்தவள் சுலைகாதான்.

"பொறந்த முடி கிடைச்சா பரவாயில்ல," என்று சுப்புராஜ் அலுத்துக்கொண்டபோது அவளுக்கு எட்டு மாதம். ஜஹனாராவுக்கு ஏழாம் நாள் முடி இறக்கினார்கள். அந்த முடியை மண்ணில் புதைக்க வேண்டும். அவள் வீட்டு வழக்கம் அது. புதைக்கக் கொடுத்த பொட்டலத்தில் அவள் கறுப்புக் கம்பளி நூலைக் கத்தரித்து வைத்தாள். முடி ஒரு சின்ன பாட்டிலில் பங்களாவுக்குப் போனது. 'ஏழாம் நாள்' என்று அவள் கையாலேயே சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள்.

மஞ்சு ரோட்டைத் தின்றிருந்தது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பங்களா கேட்டில் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார் ஞானவேல்.

"வாங்க தங்கச்சி. ஐயா வெள்ளனே எந்திரிச்சிட்டாரு. ராத்திரி மழைக்கு ஓடையில முட்டை கெடந்துச்சு, அள்ளியாந்தேன். எங்க பழனி முடி ஒதவாதுன்னுட்டு உங்க பாட்டிலைத் தொறந்துட்டாரு."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு இருக்கும். மொத முட்டையே கிழியாம நின்னுருச்சுங்க."

குழந்தையைக் குளிப்பாட்டியது எட்டு மணிக்கு. அவள் மனம் இரண்டையும் அப்போது சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அந்த நிமிஷமே ஓடியிருப்பாள்.

உள்ளே ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. கண்ணாடித் தொட்டிகளில் ஓடைத் தண்ணீர் சொட்டும் சத்தம், ஒன்று விட்டு ஒன்றாக, சுவர் முழுக்க. குளிர்ந்த தண்ணீரில் முட்டை மெதுவாகத்தான் பிளக்கும் என்பதால் அந்த அறையில் அடுப்பு மூட்டுவதே இல்லை. சுப்புராஜ் கம்பளித் தொப்பியோடு மைக்ராஸ்கோப் மேல் கவிழ்ந்திருந்தார்.

"வா சுலைகா. அற்புதமான முடி. பட்டு மாதிரி வளையுது."

"சார், பேப்பர்ல என் பேர் இல்ல."

"அடுத்ததுல பாத்துக்கலாம். இதை முதல்ல வரை. பத்து மணிக்குப் பாதி இறுக்கம், ஒரு மணிக்கு முக்கால், நாலு மணிக்கு முழுசு. மூணு டிராயிங் வேணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடியில் கண்ணை வைத்தாள். உருண்டையான முட்டை, ஒரு பக்க ஓரத்தில், கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடையே, சாம்பல் நிறத்தில் ஒரு பிறை. எல்லாம் அந்தப் பிறையில்தான் இருக்கிறது என்பார் சுப்புராஜ். அங்கிருந்து ஏதோ ஒன்று கசிந்து பக்கத்திலிருப்பவற்றிடம் சொல்கிறது: நீ முதுகு, நீ தலை, நீ அதற்குப் பின்னால். என்ன கசிகிறது என்று உலகத்தில் எவருக்கும் இன்னும் தெரியாது. முட்டையை நீளவாக்கில் இறுக்கினால், பிறை இருக்கும் பாதி முழுத் தவளையாகும். பிறை இல்லாத பாதி என்ன ஆகும் என்று அவள் முதல் வருஷமே கேட்டிருக்கிறாள்.

"வயிறு. வெறும் வயிறு," என்றார் அவர் அன்று. "முதுகு வராது, தலை வராது. யாரும் அதுகிட்ட சொல்லலையே. ஆனா சாகாது. தன்கிட்ட இருக்கிற மஞ்சக்கரு தீர்ற வரைக்கும் அதுபாட்டுக்கு இருக்கும்."

இன்று சுருக்கு பிறையை ஒரு பக்கம், மற்றதை ஒரு பக்கம் பிரித்துக் கட்டியிருந்தது. முதுகு ஒரு பாதி. வயிறு ஒரு பாதி. அவளுடைய பென்சில் முட்டையின் மேல்முனையில் தொடங்கி, பக்கவாட்டில் இறங்கி, அடிமுனையில் முடிந்தது. காதிலிருந்து தொடை வரை.

பென்சில் தாளிலேயே நின்றது.

"சார். இதை அவுத்துடுங்க."

"என்னது?"

"முடியை அவுத்துடுங்க. என் பிள்ளை விலாவுல இதே கோடு விழுந்திருக்கு. இதே இடத்துல."

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஆச்சரியம்கூட இல்லை. அலுப்புத்தான் இருந்தது. "பேர் போடலைங்கிற கோவம் உனக்கு. படிச்ச பொண்ணு பேசுற பேச்சா இது? வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வா. ஒரு மணிக்கு நான் பாத்து வைக்கிறேன், அந்த டிராயிங்கை நாளைக்கு வரைஞ்சுக்கலாம்."

அவர் சொன்னது நியாயமாகப் பட்டதுதான் கொடுமை. முடிக்கும் பிள்ளைக்கும் என்ன தொடர்பு? மூன்று வருஷம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவளுக்கு இது தெரியாதா? வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தாள். திட்டுவது நின்றால் பயம் தொடங்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு மணிக்கு அவள் மடியில் ஜஹனாரா பால் குடித்துக்கொண்டிருந்தாள். கடையில் ரஹ்மத் பீவி யாருக்கோ பேரிக்காய் எடை போடும் சத்தம். வெளியே ஓட்டுக் கூரையிலிருந்து சொட்டும் நீர். சுலைகா கோட்டின் மேல் விரலை வைத்தபடியே இருந்தாள். மெல்லிய கோடுதான். காலையில் இருந்ததைவிடச் சற்று அழுத்தம், அவ்வளவுதான். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்தது. சுவர்க் கடிகாரம் ஒரு முறை அடித்தது.

குழந்தை மார்பை விட்டது.

அழவில்லை. வாயைத் திறந்தபடி, எதையோ கேட்பதுபோல, அசையாமல் இருந்தது. சுலைகாவின் விரலுக்கு அடியில் தோல் உள்ளே போனது. மெதுவாக. கண்ணுக்குத் தெரியாத யாரோ இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பதுபோல. விரல் நுனி புதைந்தது. பிறகு நகம். ரத்தம் இல்லை, காயம் இல்லை. மடிப்பு ஆழமாகிக்கொண்டே போனது. அவள் விரலை எடுத்துவிட்டு முதுகைத் தொட்டாள். சூடு. வயிற்றைத் தொட்டாள்.

வயிறு ஓடைத் தண்ணீரைப் போலக் குளிர்ந்திருந்தது.

குழந்தையை மெல்லத் தொட்டிலில் கிடத்திவிட்டு அவள் போட்ட சத்தத்தில் ரஹ்மத் பீவி ஓடிவந்தாள். பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம், வா."

"தூக்காதீங்க. தொட்டில்லயே கெடக்கட்டும். ஆட்டவும் வேணாம். ஆட்டுனா கிழிஞ்சிரும்."

"என்ன கிழிஞ்சிரும்? என்ன சொல்ற நீ?"

"ஏழாம் நாள் முடியை நான் புதைக்கல மைனி. பொட்டலத்துல வச்சது கம்பளி நூல். முடியை அந்த ஆளுக்குக் குடுத்தேன். என் பேரைப் போடுறேன்னான்."

ரஹ்மத் பீவி அறையவில்லை. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பேரு," என்றாள். "பிள்ளைக்கு வச்ச பேரு பத்தலையா உனக்கு?" தொட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். அவளை நம்பி விட்டுவிட்டு சுலைகா ஓடினாள்.

ஏரியைச் சுற்றி ஓடினாள். மஞ்சு இன்னும் கனத்துப் பகலே இருண்டிருந்தது. தண்ணீர் எங்கே, ரோடு எங்கே என்று தெரியவில்லை. தவளைகளின் சத்தத்தை வைத்துத்தான் ஏரி எந்தப் பக்கம் என்று கண்டுகொண்டாள். சத்தம் அவளோடு கூடவே வந்தது. அவள் நின்றால் நின்றது. ஒரு திருப்பத்தில் வழி தவறி யாருடைய தோட்டத்துக்குள்ளோ போய்க் கம்பிவேலியில் முக்காடு கிழிந்தது. மறுபடி ரோட்டைப் பிடிக்க இரண்டு மணி நேரமாயிற்று. இருபத்து மூன்று முட்டைகள் நினைவுக்கு வந்தன. கிழிந்தவை. எந்த ஊரிலோ, எந்த வீட்டிலோ, மொட்டை போட்டு ஊர் திரும்பிய இருபத்து மூன்று பிள்ளைகள். யாராவது வந்து கேட்டார்களா? யாரிடம் போய்க் கேட்பார்கள்? காய்ச்சல் என்று நினைத்திருப்பார்கள். கண்ணேறு என்று நினைத்திருப்பார்கள். அவளோ இங்கே உட்கார்ந்து, அந்தப் படங்களுக்கு நிழல் தீட்டி, எண் போட்டிருக்கிறாள்.

கேட் திறந்து கிடந்தது. ஞானவேலைக் காணவில்லை. உள்ளே மணி மூன்று ஐம்பது.

"அறுக்கணும். இப்பவே," என்றாள்.

சுப்புராஜ் முட்டை இருந்த கண்ணாடி டிஷ்ஷுக்குக் குறுக்கே கையை வைத்தார். அவருக்கு இப்போது பயம் வந்திருந்தது. பிள்ளைக்காக அல்ல, முட்டைக்காக. "சுலைகா, கை வைக்காதே. முக்கால் இறுக்கியாச்சு. இந்த நிலைமையில முடியை அறுத்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

தெரியும். அவிழ்த்துப் பார்த்த நான்கு முட்டைகளும் இறுகிய இடத்தில் வெடித்தன. அவளுடைய பதினெட்டாம் படத்திலிருந்து இருபத்தொன்றாம் படம் வரை அதுதான்.

"அப்படியே விட்டா?"

"அப்படியே விட்டா ராத்திரிக்குள்ள பிளவு வந்து அதுவே கிழியும். முழுசா இறுக்குனாத்தான் உண்டு. சுத்தமா இறுக்குனா ரெண்டு பாதியும் பிழைக்கும். நான் பொய் சொல்லல. நீயே வரைஞ்சிருக்கே."

அவர் பொய் சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் முதல் முறையாக அந்த ஆள் அவளிடம் ஒரு முழு உண்மையைச் சொன்னார், அதுவும் இந்த நேரத்தில். அவரைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் இடுக்கியை எடுத்தார். குளிரில் விரல்கள் நடுங்கின. முனை டிஷ்ஷின் விளிம்பில் பட்டுக் கிணுகிணுத்தது.

"குடுங்க அதை."

"உனக்குப் பழக்கம்..."

"எந்திரிங்க."

எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். இரண்டு கையிலும் இடுக்கி. கண்ணாடியில் கண். கொடைக்கானல் முழுக்கத் தேடினாலும் அவளைப் போல நடுங்காத கை கிடையாது என்று அவரே ஒருமுறை யாரிடமோ சொல்லியிருக்கிறார். கை நடுங்கவில்லை. அதற்காகவும் அவளுக்குத் தன் மேல் கோபம் வந்தது.

முடியின் இரண்டு நுனிகளையும் பிடித்தாள். ஜஹனாராவின் முடி. ஈரத்தில் பளபளத்தது.

இழுத்தாள்.

இடை மெலிந்தது. இன்னும். ஒரு நூலளவு. சுவர் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றுவிட்டது போலிருந்தது. இன்னும் கொஞ்சம். நிறுத்தினாள். மூச்சு விட்டாள். பிள்ளை பிழைக்கட்டும். எப்படியாவது. எப்படியாவது என்றா சொன்னோம்? திருத்திச் சொல்ல நேரமில்லை. இழுத்தாள்.

நூலளவு இடையும் அறுந்தது.

இரண்டு உருண்டைகள். ஒன்றில் பிறை. ஒன்றில் இல்லை. இரண்டுக்கும் நடுவே தெளிந்த தண்ணீர்.

சுப்புராஜ் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். "ரெண்டும் உயிரோட இருக்கு," என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நாலாவது டிராயிங்கும் போட்டுடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு."

அவள் இடுக்கியை மேஜையில் குத்தி நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். மணி நாலு.

திரும்பி வந்த வழி அவளுக்கு நினைவில்லை. மூஞ்சிக்கல்லில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். கடை திறந்தபடி கிடந்தது, பேரிக்காய் தராசிலேயே இருந்தது. ரஹ்மத் பீவி கடைக்கு வெளியே, மஞ்சில், செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"மைனி. பிள்ளை?"

"அழுகுது."

அழுதால் உயிரோடு இருக்கிறது. சுலைகா கதவில் கை வைத்தாள். "எப்ப இருந்து?"

"நாலு மணிக்கு ஒரு தடவை தொட்டி தானா ஆடுச்சு. அப்புறம் அழ ஆரம்பிச்சுச்சு. நான் வெளிய ஓடியாந்துட்டேன், மறுபடி உள்ள போகல." ரஹ்மத் பீவி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னால போக முடியல, சுலைகா."

உள்ளே விளக்கு இல்லை. கரியடுப்பின் சிவப்பு மட்டும். பூண்டு நெடிக்கு மேலாக வேறொரு வாசம், ஓடைக்கரையில் கல்லைப் புரட்டினால் வருகிற வாசம். அழுகை தொட்டிலிலிருந்து வந்தது. ஜஹனாராவின் குரல்தான். பசி அழுகை. சற்றே சன்னமாக, சற்றே சின்னதாக. ஆனால் அவளுடையதுதான். சுலைகா அந்தக் குரலை ஆயிரத்தில் கண்டுபிடிப்பாள்.

"வந்துட்டேன்டி," என்றாள். இரண்டடி வைத்தாள். நின்றாள்.

தொட்டில் துணி இரண்டு இடத்தில் தொங்கியது.

ஒரு பள்ளத்தில் கால்கள் உதைத்தன. துணிக்கு மேல் ஒரு சின்ன முஷ்டி எழுந்து எழுந்து விழுந்தது. அழுகை அங்கிருந்துதான்.

மற்ற பள்ளம் அழவில்லை. உதைக்கவில்லை. மெதுவாக உப்பியது. மெதுவாக அமிழ்ந்தது. மறுபடி உப்பியது.

மஞ்சக்கரு தீரும்வரை அதுபாட்டுக்கு இருக்கும் என்றார் அவர். பிள்ளைக்கு ஏது மஞ்சக்கரு? மூன்று மாதமாக அது அறிந்த உணவு ஒன்றே ஒன்றுதான்.

அழுகையைக் கேட்டு அவளுக்குப் பால் சுரந்தது. நிறுத்த முடியவில்லை. ரவிக்கை இரு பக்கமும் நனைந்து வெதுவெதுப்பாக வழிந்தது. அந்த வாசம் அறைக்குள் பரவியது. அழுகிற பக்கம் அழுதுகொண்டே இருந்தது.

அழாத பக்கம் உப்புவதை ஒரு நொடி நிறுத்தியது. பிறகு, துணியை ஈரமாக்கிக்கொண்டு, அவள் நின்ற திசைக்கு மெல்லச் சரிந்தது.